இரண்டாவது அழைப்பு

பத்து மணிக்குச் சிவப்பு பல்பு எரிந்தது.

இனி ஒரு மணி வரை டிராயிங் ரூமுக்குள் யாரும் நுழையக் கூடாது. கதவைத் தட்டக் கூடாது. முக்கியமாக, ஒரு போன் மணி கூட உள்ளே அடிக்கக் கூடாது.

கதவுக்குக் காவல் வாட்ச்மேன் குமாரசாமி. போனுக்குக் காவல் சாஜிதா பேகம்.

பீளமேட்டில் இருந்த அந்த பம்ப் கம்பெனியின் வாசலில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் டெலிபோன் போர்டு. எட்டு வெளி லைன், நாற்பத்திரண்டு எக்ஸ்டென்ஷன். ஹெட்போன் அவளுடைய இடது காதை மூடியிருக்கும். வலது காது ஆபீசுக்கு. ஆறு வருடமாக இப்படித்தான். ஒரு காதில் வெளியுலகம், ஒரு காதில் கம்பெனி.

"ஏனுங்க சாஜிதா, உள்ள ஆபரேசன் ஆரம்பிச்சுட்டாங்களா? செகப்பு லைட் எரியுது?" பர்ச்சேஸ் சென்னகேசவன் கூண்டின் ஓட்டை வழியாகக் குனிந்து கேட்டார். தினமும் கேட்பார்.

"ஆமாங்க. உங்களைத்தான் அடுத்த பேஷண்டுன்னு எழுதி வெச்சிருக்காங்க."

"எனக்கு எதுக்குங்க ஆபரேசன்? என்கிட்ட எடுக்கறதுக்கு என்ன இருக்குது?"

"அதான் உள்ளயும் யோசிச்சுட்டு இருக்காங்க. மூளைன்னு நெனச்சாங்களாம், தேடிப் பார்த்துட்டாங்களாம்."

சென்னகேசவன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சாஜிதா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தச் சிவப்பு பல்பு விளையாட்டில்லை. அந்த பல்பு வந்ததற்கே காரணம் அவள்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம். டிராயிங் ரூமில் தனபால் ஒரு இம்பெல்லர் வரைந்துகொண்டிருந்தான். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் அது. அதன் வயிற்றில் ஒரு மில்லி மாறினாலும் தண்ணீர் மேலே ஏறாது. அந்த நேரம் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு போன். தனபாலின் அப்பா தம்பிதுரை. குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. சாஜிதா யோசிக்காமல் லைனைக் கொடுத்துவிட்டாள்.

"கண்ணு, நம்ம செவலை மாடு கன்னு போட்டிருச்சு! கெடாரிக் கன்னு!"

"சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றபடியே தனபால் கையிலிருந்த பேனாவை ஓட்டினான். 176 என்று எழுத வேண்டிய இடத்தில் 167 என்று எழுதினான்.

அந்த டிராயிங் பவுண்டரிக்குப் போனது. நானூறு இம்பெல்லர் வார்த்து வந்தது. நானூறும் ஒன்பது மில்லி குறைவு. பெரிதாக இருந்தால் கடைசலில் பிடித்துக் குறைத்துவிடலாம். குறைந்துபோன இரும்பை என்ன செய்ய? நானூறும் உடைசல் குவியலுக்குப் போயின.

எம்.டி. வரதராஜுலு தனபாலை எதிரில் நிறுத்திக் கேட்டார். "கவனம் எங்கீங்க போச்சு?"

தனபால் போனைப் பற்றிச் சொல்லவில்லை. சாஜிதாவைப் பற்றியும் சொல்லவில்லை. "என் தப்புங்க" என்றான். அவ்வளவுதான். ஆனால் டீ கொண்டு போகிறவன் மூலம் விஷயம் எம்.டி.க்குப் போய்ச் சேர்ந்தது. மறுவாரமே எலக்ட்ரீஷியன் வந்து டிராயிங் ரூம் கதவுக்கு மேலே சிவப்பு பல்பை மாட்டினான்.

எம்.டி. கொடூரமான ஆள் இல்லை. கூண்டுக்கே வந்து சாஜிதாவிடம் பக்குவமாகத்தான் சொன்னார். "பாருங்கம்மா, பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் எங்க ஊட்டுல இருந்து கூப்பிட்டாலும் உள்ள தராதீங்க. சீட்டுல எழுதி வெச்சுக்குங்க. ஆனா மனுசன் ஊட்டுல நல்லது கெட்டது இருக்குமில்லீங்களா? அதனால ஒரு வார்த்த கேளுங்க. அவசரமான்னு கேளுங்க. அவசரம்னா குடுத்துருங்க."

நியாயமான விதி. ஒரே கேள்வி. ஒரே பதில்.

ஒன்றே ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். இது கோயமுத்தூர். வீடு பற்றி எரிந்தால் கூட, "ஒண்ணுமில்லீங்க, ஊட்டுப் பக்கம் செத்த வெளிச்சமாத் தெரியுதுங்க, உங்களுக்கு நேரம் ஒழிஞ்சா வந்து பாருங்க" என்று சொல்கிற ஊர்.

இன்று 1995 ஜூன், புதன்கிழமை. தனபாலுக்கு இன்றைக்குக் கடைசி வாய்ப்பு. அதே இம்பெல்லர், புது டிராயிங். எம்.டி. மதியம் இரண்டேகால் ஃப்ளைட்டில் பம்பாய் போகிறார். வெளிநாட்டுப் பார்ட்டியிடம் டிராயிங்கை அவர் கையால் கொடுக்க வேண்டும். மறுபடியும் ஒரு எண் மாறினால் தனபால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். காலையில் கூண்டைக் கடந்தபோது தனபாலே சொல்லிவிட்டுப் போனான்.

"ஏனுங்க சாஜிதா, இன்னைக்கு மூணு மணி நேரம். அது மட்டும் எனக்கு முழுசா வேணுங்க."

"ஒரு ஈ கூட உள்ள வராதுங்க சார்" என்றாள் சாஜிதா.

மார்ச் மாதத்துக் கடனை இன்று அடைத்துவிடுவதாக அவள் தீர்மானித்திருந்தாள்.

பத்து இருபது. மூன்றாவது லைன்.

"ஏனுங்க அம்மணி, நம்ம தனபாலு இருக்கறானுங்களா? நான் அவங்கய்யன் பேசறனுங்க. தம்பிதுரை."

சாஜிதாவின் விரல் டிராயிங் ரூமின் எக்ஸ்டென்ஷன் இருபத்தேழின் மேல் நின்றது. அழுத்தவில்லை.

"இருக்காருங்கய்யா. ஒரு மணி வரைக்கும் டிராயிங்ல இருக்காரு. அவசரமாங்க?"

மறுமுனையில் மூச்சு. இன்னொரு மூச்சு. பின்னால் ஒரு லாரி ஹாரன்.

"அவசரமெல்லாம் இல்லீங்க கண்ணு. சும்மாதானுங்க. வேலயப் பாக்கட்டுங்க."

"ஏதாச்சும் சேதி சொல்லணுங்களா?"

"அய்யன் கூப்பிட்டாருன்னு சொன்னாப் போதுங்க. அவன் வேல ஒழிஞ்சப்பறம்."

சாஜிதா சீட்டை எடுத்தாள். எழுதினாள். *10.20. அப்பா. அவசரமில்லை.*

பெருமையாக இருந்தது அவளுக்கு. அதுதான் பிற்பாடு அவளால் தாங்க முடியாமல் போனது.

பதினொன்று ஐந்து.

போர்டில் ஒரே நேரத்தில் நான்கு விளக்கு. முதல் லைனில் பம்பாய், "ஹோல்ட்"டில் கத்திக்கொண்டிருந்தது. ஐந்தாவது லைனில் கலால் ஆபீஸ். இன்டர்காமில் எம்.டி., "டிக்கெட் கன்பர்ம் ஆச்சாம்மா?" என்று மூன்றாவது தடவையாக. கூண்டுக்கு வெளியே ஒரு டீலர் கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது லைன் மினுங்கியது. எடுத்தாள்.

"அம்மணி, நாந்தானுங்க..."

அதற்குப் பிறகு அவர் என்னமோ சொன்னார். இரண்டு வாக்கியம் இருக்கும். மூன்று கூட இருக்கலாம். சாஜிதாவின் கண் எம்.டி. விளக்கின் மேல் இருந்தது. விரல் பம்பாய் லைனில் இருந்தது. மனசு டிராவல் ஏஜென்சியில் இருந்தது. காது மட்டும்தான் அவரிடம் இருந்தது.

"சரிங்க, சரிங்கய்யா. அவசரமாங்க?"

"இல்லீங்க, இல்லீங்க."

*11.05. அப்பா. அவசரமில்லை.*

கம்பியில் முதல் சீட்டின் மேல் இரண்டாவது சீட்டைக் குத்தினாள். நடைபாதையின் கடைசியில் சிவப்பு பல்பு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. குமாரசாமி அதற்குக் கீழே ஸ்டூல் போட்டு, சாமி வாசலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மணி பன்னிரண்டு. மூன்றாவது லைன்.

"இன்னம் முடியலீங்களா கண்ணு?"

இந்தத் தடவை போர்டில் வேறு விளக்கு இல்லை. குரல் தெளிவாகக் கேட்டது. குரல்தான் தெளிவாக இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்தவர் பேசுவது போல் இழுத்தது.

"இன்னும் ஒரு மணி நேரம்ங்கய்யா. முக்கியமான டிராயிங். இன்னைக்கு முடிச்சாகணும்."

"நல்லாப் பண்ணட்டுங்க. நல்லாப் பண்ணட்டும். நான் இருக்கறனுங்க."

அப்போது கம்பெனியின் சங்கு ஊதியது. பன்னிரண்டு மணிச் சங்கு. மிஷின் ஷாப்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம். நீளமாக, கூரையே அதிரும்படி.

"அவசரமாங்க?" சங்குச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டாள் சாஜிதா.

"இல்லீங்க கண்ணு."

லைன் துண்டானது.

ஏதோ ஒன்று இடித்தது. என்ன அது? சாஜிதா ஒரு விநாடி போர்டையே பார்த்தாள். ஏதோ சரியில்லை. ஏதோ...

"சாஜிதாம்மா! டிக்கெட்!" இன்டர்காமில் எம்.டி.

"கன்பர்ம் ஆயிடுச்சுங்க சார்!"

இடித்தது மறைந்துவிட்டது. *12.00. அப்பா. அவசரமில்லை.* மூன்று சீட்டு.

பன்னிரண்டரைக்கு மறுபடியும் சங்கு ஊதியது. மிஷின் ஷாப்காரர்கள் வேலைக்குத் திரும்பும் சங்கு. அந்த நேரம் எந்த லைனிலும் ஆளில்லை. சாஜிதா டம்ளரில் இருந்த தண்ணீரை வாயருகே கொண்டு போனாள்.

கை நின்றது.

வலது காதில் சங்கு. இடது காதில், ஹெட்போனுக்குள், நிசப்தம்.

இப்போது ஒரு காதில்தான் கேட்கிறது. அப்படியானால் பன்னிரண்டு மணிக்கு?

பன்னிரண்டு மணிக்கு இரண்டு காதிலும் கேட்டது! ஹெட்போனுக்குள்ளும் சங்கு ஊதியது. இதே சங்கு. தொண்டாமுத்தூரில் இந்தச் சங்கு கேட்காது. இந்தச் சங்கு கேட்க வேண்டுமானால்...

டம்ளர் உருண்டது. சாஜிதா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, மாற்று ஆள் இல்லாமல் போர்டை விட்டு எழுந்து ஓடினாள்.

கம்பெனி வாசலுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத். அப்துல் குத்தூஸ் நடத்துவது. வாசலில் ஒரு மர பெஞ்ச்.

பெஞ்சில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மழையே இல்லை. மடியில் ஒரு துணிப்பை. இடது கையை மார்போடு அணைத்து, சுவரில் தலையைச் சாய்த்து, கண் திறந்தபடி கம்பெனி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாஜிதா, நல்ல வேளை வந்தியம்மா!" குத்தூஸ் பூத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "இந்தப் பெரியவரு ஒம்போதரைல இருந்து இங்கயே இருக்காரு. ராத்திரி தோட்டத்துல யானை பூந்திருச்சாம். விடிய விடிய தகரத்தத் தட்டிட்டு வாழைக்குள்ள ஓடியிருக்காரு. கார்த்தால இருந்து நெஞ்சுல வாயுப் பிடிப்புங்கறாரு. ரெண்டு சோடா குடிச்சுட்டாரு, எறங்கல. நான் வாட்ச்மேன்கிட்டப் போயிச் சொல்லிப்போட்டு வாரேன்னு எந்திரிச்சா, கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டாரு. மகன் வேலை கெட்டுப் போயிருமாம்."

சாஜிதா பெஞ்சின் முன் மண்டியிட்டாள்.

"அய்யா..."

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது அவருக்கு. குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"போன்ல பேசற அம்மணிங்களா? நான் ரொம்பப் பெரியவங்களா இருப்பீங்கன்னு நெனச்சேன், சின்னப் புள்ளையா இருக்கறீங்க." மூச்சு வாங்கியது. "முடிஞ்சுதுங்களா, வேல?"

"இதோ கூட்டிட்டு வாரேங்கய்யா. இதோ!"

"முடிஞ்சப்பறம் கூட்டிட்டு வாங்க. பாதில..." அவர் கையை அசைத்தார். பை சரிந்தது. உள்ளே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். நிறைய நெய். செவலையின் நெய்.

"பாய், வண்டி பாருங்க!" கத்திக்கொண்டே சாஜிதா ஓடினாள். கேட். நடைபாதை. குமாரசாமி ஸ்டூலை விட்டு எழுந்து குறுக்கே கையை நீட்டினார்.

"செகப்பு எரியுதுங்கம்மா..."

"தள்ளுங்க!"

கதவைத் திறந்தாள். குளிர்ந்த அறை. பெரிய போர்டின் மேல் டிரேசிங் பேப்பர். தனபால் குனிந்திருந்தான். அவன் பேனா ஒரு வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. இம்பெல்லரின் கடைசி இறக்கை. கதவுச் சத்தம் கேட்டதும், தலை நிமிராமல், இடது உள்ளங்கையை மட்டும் உயர்த்தினான்.

*ஒரு நிமிஷம்.*

சாஜிதா நின்றாள்.

ஏன் நின்றாள்? ஆயிரம் தடவை தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள், பிற்பாடு. மூன்று மாதம் காவல் காத்த பழக்கம். அந்த உள்ளங்கைக்குக் கீழ்ப்படிவதுதான் அவள் வேலை. பேனா வளைந்து இறங்கியது. மைக் கோடு ஈரமாக மின்னியது. பேனா எழுந்தது. நின்றது முழுசாக அரை நிமிடம் கூட இருக்காது.

"சொல்லுங்க சாஜிதா. முடிஞ்சுது." தனபால் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். "ஒரு தப்பு இல்லீங்க. மூணு தடவ பாத்துட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"உங்கய்யன்... எதுத்தாப்புல, பூத்துல..."

எம்.டி.யின் கார் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பத் தயாராகப் போர்ட்டிகோவில் நின்றது. வரதராஜுலு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, "எடு, எடு, பெரியவர ஏத்து" என்று அவரே பின் கதவைத் திறந்தார். தனபால் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். சாஜிதா முன் ஸீட்டில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவினாசி ரோட்டில் சிக்னல். ஒரு மாட்டு வண்டி. ஒரு கல்யாண வேன்.

"கண்ணு, முடிஞ்சுதா?" பின்னால் தம்பிதுரையின் குரல்.

"முடிஞ்சுதுங்கய்யா. முடிஞ்சுது. ஒரு தப்பு இல்ல."

"அப்பறமென்ன..."

அதற்கு மேல் பின் ஸீட்டிலிருந்து தனபாலின் குரல் மட்டும்தான் வந்தது. அய்யா, அய்யா, அய்யா என்று. சாஜிதா திரும்பிப் பார்க்கவில்லை. நெய் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் இருந்த சூடு.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் கேட்டார். "வலி எப்பங்க ஆரம்பிச்சது?"

"கார்த்தால" என்றாள் சாஜிதா.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

தொண்டாமுத்தூர் வீட்டில் தனபாலின் அம்மா மாரியாத்தாளுக்கு, தன் புருஷன் சந்தைக்குப் போயிருக்கிறார் என்றுதான் அப்போது வரை தெரியும்.

எம்.டி. டிராயிங்கோடு டாக்ஸி பிடித்து ஏர்போர்ட் போனார். பம்பாயிலிருந்து மறுநாள் போன் பண்ணினார். பார்ட்டிக்கு ரொம்பத் திருப்தி. "தனபாலுகிட்ட இப்பச் சொல்லாதீங்கம்மா" என்றார்.

பதினேழாம் நாள் தனபால் வேலைக்கு வந்தான். மொட்டைத் தலை. எட்டரைக்கே, ஆபீசில் யாரும் இல்லாத நேரத்தில், கண்ணாடிக் கூண்டின் கதவைத் திறந்து உள்ளே வந்தான். யாரும் உள்ளே வந்ததில்லை அதுவரை. தரையில் கிடந்த மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

சாஜிதா மூன்று சீட்டுகளையும் பர்ஸில் வைத்திருந்தாள். எடுத்து நீட்டினாள். அவன் வாங்கினான். ஒவ்வொன்றாகப் படித்தான். மூன்றிலும் ஒரே எழுத்து, ஒரே வார்த்தை.

"சார், நான் கேட்டேங்க. மூணு தடவையும் அவசரமான்னு கேட்டேன். அல்லா மேல ஆணையா கேட்டேன்."

"கேட்டிருப்பீங்க. எனக்குத் தெரியும்." அவன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க மேல ஒண்ணுமில்லீங்க. அந்தக் கன்னு போட்ட போன் வந்துதில்லீங்களா, அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக்குப் போயி நாந்தான் கத்துனேன். 'இனிமேல் ஆபீசுக்குக் கூப்பிடாதீங்க. உசுரு போற காரியம்னா மட்டும் கூப்பிடுங்க'ன்னு சொன்னேன். அந்த வார்த்தயே சொன்னேன்." மூன்று சீட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினான். "அவரு அதுக்கப்பறம் கன்னுக்குட்டியப் பத்தி எங்கிட்டப் பேசவே இல்லீங்க. அன்னைக்கு வாயுப் பிடிப்பா, உசுரு போற காரியமான்னு அவருக்கு எப்படீங்க தெரியும்? தெரியாததுனால அவசரமில்லைன்னு சொல்லிப்போட்டாரு."

சாஜிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுகாதீங்க. ஒரு உதவி பண்ணுங்க. கார்ல ஏத்தறதுக்கு முன்னால அவரு வார்த்த பேசுனது உங்ககிட்டயும் அந்த பாய்கிட்டயும்தான். பாய்கிட்டக் கேட்டுட்டேன். நீங்க சொல்லுங்க. மொதத் தடவ என்ன சொன்னாரு?"

சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை. அவர் குரல் வந்த மாதிரியே சொன்னாள். அம்மணி என்றது, கண்ணு என்றது, லாரி ஹாரன் வரைக்கும். தனபால் கண்ணை மூடிக் கேட்டான்.

"மூணாவது தடவ?"

"'இன்னம் முடியலீங்களா கண்ணு'ன்னாருங்க. ஒரு மணி நேரம் ஆகும்னேன். 'நல்லாப் பண்ணட்டுங்க. நல்லாப் பண்ணட்டும். நான் இருக்கறனுங்க'ன்னாரு. அப்ப சங்கு ஊதுச்சுங்க."

அவன் உதடு அதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தது. சத்தமில்லாமல்.

"நடுவுல ஒண்ணு இருக்குதே. பதினொண்ணு அஞ்சு. அதுல என்ன சொன்னாரு?"

சாஜிதா வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. 'அம்மணி, நாந்தானுங்க' என்பது வந்தது. அதற்குப் பின்னால் பம்பாய் வந்தது. கலால் ஆபீஸ் வந்தது. டிக்கெட் வந்தது. கண்ணாடியைத் தட்டிய டீலரின் மோதிரம் கூட வந்தது, பச்சைக் கல் மோதிரம். ஒரு மனிதர் தன் மகனுக்கு விட்டுப்போன இரண்டு வாக்கியம் மட்டும் வரவில்லை.

எதையாவது சொல்லிவிடலாம். உங்களை ஆசீர்வாதம் பண்ணினார், சாப்பிட்டானா என்று கேட்டார். எதைச் சொன்னாலும் அவன் நம்புவான். வாழ்நாள் முழுக்க அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வான். நாக்கு நுனி வரை வந்தது.

"நான் கேக்கலீங்க சார்" என்றாள் சாஜிதா. "நாலு லைன் ஒண்ணா வந்துதுங்க. அவரு பேசுனாரு, ரெண்டு மூணு வார்த்த பேசுனாரு. சரிங்க சரிங்கன்னேன். ஆனா நான் கேக்கலீங்க."

தனபால் நெடுநேரம் அவளையே பார்த்தான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உடைந்த பொருளை யாரும் திட்ட மாட்டார்களே, அப்படிப் பார்த்தான். பிறகு போர்டைப் பார்த்தான். எட்டு விளக்கு, நாற்பத்திரண்டு பொத்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதைப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"எங்களுக்கெல்லாம் செகப்பு பல்பு போட்டாங்க. உங்களுக்கு ஒண்ணும் போடலீங்களே" என்றான்.

எழுந்து போய்விட்டான்.

அன்று பத்து மணிக்குச் சிவப்பு பல்பு எரிந்தது. சாஜிதா வேலையைப் பார்த்தாள். தம்பிதுரை போன நாளிலிருந்து அவள் கேள்வியை மாற்றிவிட்டிருந்தாள். யார் கூப்பிட்டாலும் அவசரமா என்று கேட்பதில்லை. "எங்கிருந்துங்க பேசறீங்க? கூட யாரு இருக்காங்க? உடம்பு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். பம்பாய்க்காரர்கள் எரிந்து விழுந்தார்கள். காரமடை டீலர் ஒருவர், "ஏனுங்க, நீங்க பம்ப் கம்பெனியா, ஆஸ்பத்திரியா?" என்று கேலி பண்ணினார். அவள் லட்சியம் பண்ணவில்லை.

பத்து இருபதுக்கு போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. வெளி லைன் இல்லை. உள் லைன். எக்ஸ்டென்ஷன் இருபத்தேழு.

சாஜிதா நடைபாதையைப் பார்த்தாள். சிவப்பு பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. குமாரசாமி அதன் கீழே உட்கார்ந்துதான் இருந்தார். உள்ளிருந்து யாரும் இந்த மூன்று மணி நேரத்தில் போனைத் தொட்டதில்லை.

எடுத்தாள்.

"அம்மணி." தனபால்தான். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பேப்பரில் பேனா ஓடும் சத்தம் இல்லை. ஸ்கேல் நகரும் சத்தம் இல்லை. அவன் வரையவில்லை. "அந்த ரெண்டாவது போனு... ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சுங்களா?"

சாஜிதா இந்தத் தடவை எந்த விளக்கையும் பார்க்கவில்லை. முதல் லைன் மினுங்கியது, விட்டுவிட்டாள். ஐந்தாவது மினுங்கியது, விட்டுவிட்டாள். கண்ணை மூடி, பதினொன்று ஐந்துக்குத் திரும்பிப் போனாள். இருட்டில் கை துழாவுவது போலத் துழாவினாள். அம்மணி, நாந்தானுங்க. அம்மணி, நாந்தானுங்க. அதற்கப்புறம்? அதற்கப்புறம்?

"இல்லீங்க" என்றாள்.

மறுமுனையில் மூச்சு. இன்னொரு மூச்சு.

"சரிங்க. ஞாபகம் வர்றப்பச் சொல்லுங்க" என்றான் தனபால். "அவசரமில்லீங்க."